நான்காம் மாடியிலிருந்து ஒரு தொட்டி

ஜூன் 7, புதன்

பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. துடைத்துக்கொண்டிருந்தபோது கீழ்வீட்டிலிருந்து மாரிக்கனி ஏறி வந்தாள். என் தம்பி பூவநாதனின் மனைவி. எட்டு மாதக் குழந்தை ஆதிரையை என் இடுப்பில் வைத்துவிட்டு, "மதினி, அவுக இன்னைக்கும் சாப்பிடல" என்றாள்.

சனிக்கிழமை நடந்ததை நான் இங்கே எழுதவே இல்லை. எழுதினால் அது உறுதியாகிவிடும் என்று ஒரு பயம். பாலிடெக்னிக்கில் இயற்பியல் நடத்துகிறவளுக்கு இது அழகில்லை. எழுதிவிடுகிறேன்.

பூவு மெயின் ரோட்டில் எழும்பும் நான்கு மாடிக் கட்டடத்தில் விஞ்ச் மெஷின் ஓட்டுகிறான். கயிற்று நுனியில் ஒரு கொக்கி. கொக்கியில் ஓர் இரும்புத் தொட்டி. அவன் கீழே நின்று மெஷினை இயக்கினால் தொட்டி கலவையோடு மேலே போகும். போய் நின்றதும் அவன் பிரேக் லிவரைப் பிடித்துக்கொள்ள வேண்டும், மேலே இருப்பவர்கள் தொட்டியை இழுத்துக் கொட்டிக்கொள்வார்கள். சனிக்கிழமை தொட்டி நான்காம் மாடிக்குப் போய் நின்றது. அப்புறம் தானாகக் கீழே வந்தது. கொத்தனார் ஐயாத்துரையின் கால் அதன் அடியில் மாட்டிக்கொண்டது. உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் எலும்பு மோசமாக முறிந்திருக்கிறது.

பூவு பிரேக்கை விட்டுவிட்டான் என்கிறது கம்பெனி. தொட்டி கொக்கியிலிருந்து கழன்றுவிட்டது என்கிறான் இவன். கயிறு மேலேயே தொங்கிக்கொண்டிருந்தால் இவன் சொல்வது சரி என்று யாரும் அண்ணாந்து பார்த்தே சொல்லியிருப்பார்கள். ஆனால் இந்தப் பிள்ளை முதல் வேலையாகக் கயிற்றை இறக்கி, தொட்டியை மறுபடி மாட்டித் தூக்கி, ஐயாத்துரையின் காலை வெளியே எடுக்க வழி செய்திருக்கிறான். மேலே நின்றவர்கள் பதறிக் கீழே ஓடி வந்ததில் கயிற்றைக் கவனிக்கவில்லையாம். தனக்கிருந்த ஒரே சாட்சியைத் தானே கலைத்துவிட்டான். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

ஜூன் 8, வியாழன்

கட்டடத்துக்கு எதிரே மிக்கேல் அண்ணாச்சியின் பாத்திரக்கடை. கடை வாசல் கேமராவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. அண்ணாச்சி என்ன செய்தார் தெரியுமா? உள்ளே இருக்கும் டிவியில் அதை ஓடவிட்டு, டிவியைத் தன் போனால் படம் பிடித்து, வாட்ஸ்அப்பில் ஊருக்கே அனுப்பிவிட்டார். எனக்கே மூன்று பேர் அனுப்பினார்கள், ஒன்றைவிட ஒன்று மங்கல்.

இருப்பதிலேயே தெளிவானதைப் பத்துத் தடவை பார்த்தேன். தெளிவு என்பது பேச்சுக்குத்தான். வைகாசிக் காற்றில் கேமராக் கம்பம் ஆடுகிறது. அண்ணாச்சியின் கை ஆடுகிறது. டிவியில் கோடுகோடாக ஓடுகிறது. போதாக்குறைக்கு அண்ணாச்சியின் வழுக்கை நடுத்திரையில் பிரதிபலிக்கிறது. கயிறு தெரியவே இல்லை, தொட்டி மட்டும் ஒரு சாம்பல் திட்டாக இறங்குகிறது. சாலையில் இரண்டு ஸ்கூட்டர்கள் போகின்றன. நம் மெயின் ரோட்டில் இவ்வளவு பவ்வியமாக வண்டி ஓட்டுகிறவர்களை நான் பார்த்ததில்லை.

சோறு வடிக்கும்போது யோசனை வந்தது. தொட்டி கழன்று விழுந்திருந்தால் அதற்கு எந்தத் தடையும் இல்லை, அதன் முடுக்கம் ஒன்பது புள்ளி எட்டு இருக்க வேண்டும். பிரேக் விட்டதால் இறங்கியிருந்தால் கயிற்றை இழுத்துக்கொண்டு, அந்தக் கனத்த டிரம்மையும் சுழற்றிக்கொண்டு இறங்கியிருக்கும். அப்போது குறைவாக இருக்கும், ஆறோ ஏழோ. இரண்டுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருக்கும்போது வீடியோ எவ்வளவு மங்கலாக இருந்தால் என்ன?

கீழே ஓடிப்போய்ச் சொன்னேன். மாரிக்கனி சிரித்தாள், ஐந்து நாளில் முதல் தடவை. "மதினி, ஒரு நாளாவது படியில நடந்து வாங்க. நீங்க வந்தா தெருநாயே ஒதுங்கி நிக்கி." என் நடை அப்படித்தான். காலேஜிலும் இதே கேலிதான்.

ஜூன் 10, சனி

லேப்டாப்பில் வீடியோவை ஒவ்வொரு படமாக நிறுத்தி, தொட்டியின் அடிவிளிம்பில் புள்ளி வைத்தேன். எதிரே தெரியும் தூணின் மூலையிலும் ஒரு புள்ளி வைத்துக் கழித்தால் ஆட்டம் பெரும்பாலும் போய்விடுகிறது. மாடிக்கு மாடி எவ்வளவு உயரம் என்று பூவுவிடம் கேட்டுக்கொண்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னான். குழந்தையை நீட்டினேன், கை ஈரம் என்றான். ஈரமாக இல்லை.

கணக்குப் போட்டால் சிரிப்பு வருகிறது. ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்தைக் கழித்தால் வேகம், வேகத்திலிருந்து வேகத்தைக் கழித்தால் முடுக்கம். ஒவ்வொரு கழித்தலிலும் என் புள்ளியின் தடுமாற்றம் பெருத்துக்கொண்டே போகிறது. ஓர் இடத்தில் முடுக்கம் நாற்பது. அடுத்த இடத்தில் தொட்டி மனம் மாறி வானத்துக்குத் திரும்பப் பார்க்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

கோழிக்குழம்பு வைத்துக் கீழே கொடுத்தேன். மாவரைத்தேன். அப்புறம்தான் உட்கார்ந்தேன்.

துண்டு துண்டாகக் கழிக்கக் கூடாது. எல்லாப் புள்ளிகளுக்கும் ஊடாக ஒரே வளைகோட்டை ஓடவிட வேண்டும். ஒரு புள்ளி மேலே தப்பியிருந்தால் இன்னொன்று கீழே தப்பியிருக்கும், ஒன்றின் பிழையை மற்றொன்று ஈடுகட்டிவிடும். மாணவிகளுக்கு வருஷா வருஷம் இதைத்தான் சொல்கிறேன், எனக்கே நேற்று தோன்றவில்லை. வளைகோடு அழகாகப் பொருந்தியது. இத்தனை கோளாறான வீடியோவிலிருந்து இப்படி ஒரு கோடு வரும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

ஆறு புள்ளி மூன்று.

ஜூன் 12, திங்கள்

திரைச்சீலைகளைத் துவைத்தேன். நன்றாக இருந்தவற்றையும் சேர்த்து.

ஜூன் 13, செவ்வாய்

பூவு மாடிக்கு வந்தான். "என்னக்கா, கணக்கு வந்திருச்சா?"

"இன்னும் முடியல. வீடியோ சரியில்ல."

வெறுந்தரையில் உட்கார்ந்தான். "அக்கா, எனக்கே தெரியலக்கா. கண்ண மூடுனா லிவர்ல என் கை இருக்கு. சில நேரம் பாத்தா லிவர் மட்டும் இருக்கு, கையக் காணல. எல்லாரும் விட்டுட்ட விட்டுட்டன்னு சொல்லச் சொல்ல, விட்டுத்தான் இருப்பனோன்னு தோணுது."

அடுத்த செவ்வாய்க்கிழமை கம்பெனி விசாரணையாம். கைத்தவறு என்று ஒத்துக்கொண்டால் மெஷின் பக்கம் வராமல் வேறு வேலையில் வைத்துக்கொள்வார்களாம். "ஒத்துக்கிடலாம்னு இருக்கேன். ஐயாத்துரை அண்ணன் மொகத்தப் பாத்து இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

ஆதிரை தவழ்ந்து போய் அவன் முழங்காலைப் பிடித்தாள். அவன் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மாரி, பிள்ளையத் தூக்கு" என்று கீழே பார்த்துக் கத்தினான். நான்தான் தூக்கினேன். அவள் கனம் கூடியிருக்கிறாள்.

வேலை போனால் இன்னொரு வேலை தேடலாம். இவன் தன் கையையே நம்பாமல் போனால் என்ன செய்வது?

ஜூன் 14, புதன்

மங்கலான படங்கள் நாலைந்தில் என் புள்ளி சந்தேகமாகத்தான் இருந்தது. அவற்றை எடுத்துவிட்டுப் பார்த்தேன். ஏழு. இன்னும் சிலவற்றில் தொட்டி தூணோடு கலந்து தெரிகிறது, அவற்றையும் எடுத்தேன். எட்டை நெருங்கிவிட்டது. இன்னும் கொஞ்சம் எடுத்தால் ஒன்பதும் வரும். எடுத்த புள்ளிகள் எல்லாமே எனக்குப் பிடிக்காத பக்கத்தில் இருந்தவை என்பதை எழுந்து தண்ணீர் குடிக்கும்போதுதான் கவனித்தேன்.

என் மாணவி ஒருத்தி இதைச் செய்திருந்தால் அவளை லேபை விட்டு வெளியே நிறுத்தியிருப்பேன். எல்லாப் புள்ளிகளையும் திரும்ப வைத்தேன். ஆறு புள்ளி மூன்றும் திரும்ப வந்தது.

ஜூன் 16, வெள்ளி

இன்று நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன்.

காலேஜ் விட்டதும் மிக்கேல் அண்ணாச்சி கடைக்குப் போனேன். அசல் பதிவு கிடைத்தால் இன்னும் தெளிவாக அளக்கலாம் என்று நினைப்பு. அண்ணாச்சி குடங்களுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டினார்.

"அது அழிஞ்சு போச்சேம்மா. பழைய ரெக்கார்டர் பெட்டி. ஒரு வாரத்துக்கு மேல தங்காது, அது மேலேயே புதுசா எழுதிரும்."

"நேரமாவது திரையில வருமா அண்ணாச்சி?"

"நேரம் வாசப்படிய மறைக்குதுன்னு நாந்தான் எடுத்து விட்டுட்டேன். வேணும்னா பாருங்க, இப்ப பதிஞ்சத ஓட்டிக் காட்டுதேன்."

டிவியில் ஓட்டிக் காட்டினார். கடை வாசல் தெரிந்தது. ஒருத்தி குடையை மடக்கிக்கொண்டு, பையை மாற்றிக்கொண்டு, ஆர அமரப் படியேறி வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் காபித் தட்டு ஏந்தி வருகிற பெண் மாதிரி அப்படி ஒரு நிதானம். என் சேலை. என் குடை.

"அண்ணாச்சி, இது நானா?"

"பின்னே?"

"நான் இப்படியா நடப்பேன்?"

அண்ணாச்சி சிரித்துவிட்டார். "அந்தப் பெட்டி வாங்குன நாள்லேர்ந்து அப்படித்தாம்மா. போட்டுப் பாத்தா கொஞ்சம் மெதுவாத்தான் ஓடும். நம்ம கடையில திருடன்கூட சாவகாசமாத்தான் திருடுவான்."

அந்த ஸ்கூட்டர்கள்! பவ்வியமாவது ஒன்றாவது. முதல் நாளே கண்ணால் பார்த்து, கிண்டலும் அடித்து, கடந்து போய்விட்டேன். பெட்டி மெதுவாக ஓட்டினால் தொட்டியும் மெதுவாகத்தானே விழும்!

ஆனால் எவ்வளவு மெதுவு? கொஞ்சம் என்றால் என் ஆறு புள்ளி மூன்று ஏழாகும், அவ்வளவுதான். பூவு விட்டான் என்பது அப்படியே நிற்கும். கடிகாரம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் இதையே கவனிக்காதவள் இன்னும் எதையெல்லாம் கவனிக்கவில்லையோ? கேமராவின் கோணம், மாடி உயரம், அண்ணாச்சியின் போன், எல்லாவற்றின்மீதும் சந்தேகம் வந்துவிட்டது.

வீட்டுக்கு நடந்து வரும்போது தீர்ந்தது. எதையும் தனித்தனியாகத் திருத்த வேண்டாம். அதே இடத்திலிருந்து, அதே கேமரா முன்னால், வேறொன்றை, ஒரு மணல் மூட்டையை, விழ வைக்க வேண்டும். அதே பெட்டி, அதே டிவி, அதே போன். என்னென்ன பிழை இருக்கிறதோ எல்லாம் இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கட்டும். தடையில்லாமல் விழும் மூட்டையும் ஆறு புள்ளி மூன்று காட்டினால் தொட்டியும் தடையில்லாமல்தான் விழுந்தது. மூட்டை கூடுதலாகக் காட்டினால், பூவுதான்.

ஜூன் 17, சனி

சைட் இன்ஜினியர் தினகரனைப் பார்த்தேன். சின்னப் பையன், தூங்கி நாளானவன் மாதிரி கண். நான் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"மேடம், மூட்டை கூடுதலா காட்டிட்டா?"

"அப்ப என் தம்பி விட்டதுதான் காரணம்னு நீங்க எழுதிக்கலாம். அத நான் ஒளிக்க மாட்டேன்."

"இது அவனுக்குத் தெரியுமா?"

"இனிமேதான் சொல்லணும்."

அவன் பேனாவை மூடி மூடித் திறந்தான். "நாளைக்கு வேலை கிடையாது. நானும் வர்றேன். ரோட்டுல யாரும் வராம பாத்துக்கறேன்."

பூவுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு புள்ளி மூன்றை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மறைத்து வைத்திருந்ததையும் சொன்னேன். அவன் கோபப்படவில்லை.

"அப்ப நாந்தானா?"

"தெரியாதுடா. நாளைக்குத் தெரியும்."

"நீ என்ன நெனைக்க?"

நான் என்ன நினைக்கிறேன்? நினைப்பதற்குப் பயந்துதானே இந்த ஒரு வாரமும் திரைச்சீலை துவைத்தேன். "மூட்டைய நீதான் போடணும்" என்று மட்டும் சொன்னேன்.

ஜூன் 18, ஞாயிறு

காற்று பிய்த்துக்கொண்டு அடித்தது. நல்லது, அன்றும் இப்படித்தான் அடித்தது. சிமெண்ட் சாக்குகளில் ஈர மணலை அள்ளிக் கட்டினான் பூவு. விஞ்சின் பக்கம் திரும்பவே இல்லை. மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்து நான்காம் மாடிக்கு ஏறினான். தினகரன் சாலையோரத்தில் கயிறு கட்டி ஆளை மறித்தான். அண்ணாச்சி பூசைக்குப் போய்விட்டு வெள்ளை வேட்டியோடு வந்து கேமராவுக்குக் கீழே காவல் நின்றார்.

பூவு பலகையில் நின்று, தொட்டி தொங்கிய இடத்துக்கு நேராக மூட்டையை இரண்டு கைகளாலும் வெளியே நீட்டிப் பிடித்தான். நான் கீழிருந்து கையைக் காட்டினேன். விடவில்லை. மறுபடி காட்டினேன்.

"கீழ யாரும் இல்லடா! நல்லாப் பாத்துட்டேன்! விடு!"

"அக்கா, நீ தள்ளிப் போ!"

"நான் ரோட்டுக்கு இந்தப் பக்கம் நிக்கேன்!"

"இன்னும் தள்ளு!"

கடைப் படியேறி, குடங்களுக்குப் பின்னால் போய் நின்றேன். அப்புறம்தான் விட்டான். மூட்டை தரையில் பட்ட சத்தத்தில் அண்ணாச்சி சிலுவை போட்டுக்கொண்டார். இரண்டாவது மூட்டைக்கு அவ்வளவு நேரம் எடுக்கவில்லை. மூன்றாவதை விட்டுவிட்டு, எட்டிக் கீழே பார்த்தான்.

பெட்டியில் பதிந்ததை அண்ணாச்சி டிவியில் ஓட்டினார், அதே போனால் படம் பிடித்தார். கை ஆடாமல் பிடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம், அன்றைக்குப் பிடித்த மாதிரியே பிடியுங்கள் என்றேன். கவிழ்த்து வைத்த அண்டாவின் மேல் லேப்டாப்பை வைத்துப் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். தினகரன் என் தோளுக்குப் பின்னால் நின்றான். பூவு கடைக்குள் வரவில்லை, வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். இந்தத் தடவை எந்தப் புள்ளியையும் எடுக்கவில்லை, ஒன்று கோட்டை விட்டு வெகுதூரம் தள்ளி இருந்தும்.

முதல் மூட்டை, ஆறு புள்ளி இரண்டு. இரண்டாவது, ஆறு புள்ளி ஐந்து. மூன்றாவது, ஆறு புள்ளி மூன்று.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அடக்கவும் முடியவில்லை. அண்ணாச்சி பதறிப்போய், "ஏம்மா, கணக்கு தப்பாப் போச்சா?" என்று ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார்.

"சரியா வந்திருக்கு அண்ணாச்சி. தொட்டிய யாரும் பிடிக்கவும் இல்ல, இழுக்கவும் இல்ல. அது தனியாத்தான் விழுந்திருக்கு."

பூவு திரும்பிப் பார்க்கவில்லை. தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். வெகுநேரம் பார்த்தான். தினகரன் போய் அவன் பக்கத்தில் படியில் உட்கார்ந்தான். என்ன பேசினார்கள் என்று எனக்குக் கேட்கவில்லை. எழுந்து வந்து, "மேடம், நான் கொக்கிய எடுத்துப் பாக்கணும்" என்றான்.

ஜூன் 20, செவ்வாய்

விசாரணை முடிந்தது. கொக்கியின் வாயை மூடும் நாக்குக்கு ஸ்பிரிங் எப்போதோ போய்விட்டதாம். யாரோ கம்பி கட்டும் கட்டுக்கம்பியால் அதைச் சுற்றி வைத்திருக்கிறார்கள். எந்தக் கட்டடத்திலும் எதற்கும் அந்தக் கம்பிதான் மருந்து. மேலே தொட்டியை இழுத்தபோது அது அறுந்து, நாக்கு திறந்து, தொட்டி கழன்றிருக்கிறது. விழுந்த அதிர்ச்சியில்தான் அறுந்தது என்று இத்தனை நாள் நினைத்திருக்கிறார்கள். யார் கட்டியது என்று கேட்டதற்கு யாரும் வாய் திறக்கவில்லை. "அதப் பாத்திருக்க வேண்டியவன் நான்" என்று தினகரன் எல்லார் முன்னாலும் சொன்னானாம். பூவு வந்து சொன்னான். அந்தப் பையன்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது.

இரவுச் சாப்பாட்டுக்குக் கீழேயே கூப்பிட்டார்கள். பூவு ஐந்து தோசை தின்றான். மாரிக்கனி ஆறாவதை ஊற்றிவிட்டுத்தான் வேணுமா என்று கேட்டாள்.

ஜூன் 25, ஞாயிறு

நாளை பூவு விஞ்சுக்குத் திரும்புகிறான். புதுக் கொக்கி வந்துவிட்டது. முந்தாநாள் ஆஸ்பத்திரிக்குப் போய் ஐயாத்துரையைப் பார்த்துவிட்டு வந்தோம். ஊன்றுகோலோடு நாலு அடி நடக்கிறார். "ஏலே பூவு, அன்னைக்குக் கயித்த இறக்குனதுல உன் சாட்சி போச்சாமே. இறக்காட்டி என் காலு போயிருக்கும்டா" என்றார். பூவு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். நான் ஆரஞ்சுப்பழத்தை மும்முரமாக உரித்தேன்.

சாயங்காலம் மொட்டைமாடியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தேன். திரைச்சீலைகள்தான், இந்தத் தடவை நிஜமாகவே அழுக்காகியிருந்தன. கீழே முற்றத்தில் ஒரு கிக்கிக் சிரிப்பு. எட்டிப் பார்த்தேன். பூவு ஆதிரையை இரண்டு கைகளாலும் தலைக்கு மேல் வீசிப் போடுகிறான். அவள் காற்றில் ஒரு கணம் நின்று, கையும் காலும் விரித்து, கீழே வருகிறாள். பிடிக்கிறான். மறுபடி வீசுகிறான், முன்னைவிட உயரமாக.

"ஏங்க, பிள்ளைய விட்டுராதீக!" என்று மாரிக்கனி அடுப்படியிலிருந்து கத்தினாள்.

"விட மாட்டேன்!" என்றான் பூவு.

துணிகளைத் தோளில் போட்டுக்கொண்டு அங்கேயே நின்று பார்த்தேன். அவள் விழும் வேகத்தை நான் அளக்கவில்லை.